பப்புல குடிச்சது மேல போய்த்தான் வேலையைக் காட்டும்

ஃப்ளைட்ல "பயணிகள்ல டாக்டர் யாராவது இருக்கீங்களா"ன்னு மைக்ல கேட்டா எனக்கு முதல்ல சேவை மனப்பான்மை எல்லாம் பொங்காது, வேற யாராவது கை தூக்குறாங்களான்னுதான் சுத்திப் பாப்பேன். அன்னிக்கு யாரும் தூக்கல. எழுந்து போனா நடக்கற வழியில ஒருத்தர் மல்லாக்கக் கிடக்கறார், ஐம்பது வயசு இருக்கும், முகம் வெளுத்துப் போய் சட்டையெல்லாம் வேர்வை, பக்கத்துல அவர் மனைவி கைப்பையை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு "ரெண்டே ரெண்டு பீர்தான் டாக்டர், ஏறுறதுக்கு முன்னாடி எப்பவும் குடிக்கறதுதான், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க.

மெடிக்கல் பெட்டியிலேருந்து ஸ்டெதஸ்கோப் எடுத்துக் குடுத்தாங்க. இன்ஜின் இரைச்சல்ல அதுல ஒரு மண்ணும் கேக்காது. பிபி பட்டையைக் கட்டி, மணிக்கட்டுல நாடி மேல விரலை வெச்சுக்கிட்டே காத்தை இறக்கி, நாடி எப்போ திரும்ப வருதுன்னு விரல்லயே உணர்ந்துதான் மேல் அளவைக் கண்டுபிடிக்கணும். எண்பதுக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. காலை ரெண்டையும் தூக்கிப் பிடிச்சோம், ஆக்சிஜன் மாஸ்க் போட்டோம், சில நிமிஷத்துல கண்ணைத் திறந்து "நான் ஏன் கீழ கிடக்கறேன்"னு கேட்டார். சாதாரண மயக்கம்தான். விமானத்துல வர்ற மருத்துவ அவசரங்கள்ல அடிக்கடி வர்றது இதுதான், 2013ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல பதிவான கேஸ்கள்ல 37 சதவீதம் மயக்கமும் மயக்கம் வர்ற மாதிரி இருந்ததும்தான்.

அந்த "ரெண்டே ரெண்டு பீர்" என் மனசுலயே நின்னுடுச்சு, ஏன்னா கிளினிக்லயும் இதே வசனம்தான் கேக்கறேன். எத்தனை கிளாஸ்னு எல்லாரும் சரியா எண்ணுறாங்க, எத்தனை மணிக்குக் குடிச்சோம்னு யாரும் பாக்கறதில்ல.

குடிச்ச ஆல்கஹால் ரத்தத்துல உச்சத்துக்கு வர அரை மணியிலேருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஆகும், வெறும் வயிறா இருந்தா சீக்கிரம், சாப்பிட்டிருந்தா மெதுவா. இப்போ ஏர்போர்ட் பப்புல நடக்கறதை யோசிச்சுப் பாருங்க. போர்டிங் கூப்பிடுறாங்க, கிளாஸ்ல பாதி இருக்கு, காசு குடுத்ததாச்சேன்னு ஒரே மூச்சுல உள்ள தள்ளிட்டு ஓடுறோம், க்யூவுல நின்னு பையைத் திணிச்சு பெல்ட் போட்டு வண்டி கிளம்பி மேல ஏறும்போதுதான் அந்த கடைசி கிளாஸ் ரத்தத்துல உச்சத்துக்கு வருது. தரையில குடிச்ச மாதிரி நமக்கு நினைப்பு, உடம்பைப் பொறுத்தவரை அது மேல போய்க் குடிச்சதுதான்.

மேல என்னன்னா, ப்ளேன் 35,000 அடியில பறந்தாலும் உள்ள காத்தை அழுத்தி 6,000 அடியிலேருந்து 8,000 அடி உயர மலையில இருக்கற மாதிரி வெச்சிருப்பாங்க. காத்துல ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், அழுத்தம் குறைஞ்சதால நுரையீரல்லேருந்து ரத்தத்துக்குப் போறது குறையும். தரையில ரத்தத்துல ஆக்சிஜன் 97, 98 சதவீதம் காட்டுற ஆளுக்கு அங்க 90லேருந்து 93க்குள்ள வந்துடும். ஆரோக்கியமான ஆளுக்கு இது தெரியவே தெரியாது.

இதோட குடியையும் தூக்கத்தையும் சேத்தா என்ன ஆகும்னு ஜெர்மனியில கொலோன்ல இருக்கற விண்வெளி ஆய்வு மையத்துல சோதிச்சுப் பாத்தாங்க, 2024ல முடிவு வந்துச்சு. எல்லாரும் 18லேருந்து 40 வயசுக்குள்ள, நோய் நொடி இல்லாதவங்க. விமானத்துல இருக்கற அழுத்தத்துக்குச் செட் பண்ணின அறையில படுக்க வெச்சாங்க. குடிக்காம தூங்கினப்போ ஆக்சிஜன் 88, இதயத்துடிப்பு 73. ரெண்டு கேன் பீர் அளவு குடிச்சுட்டுத் தூங்கினப்போ ஆக்சிஜன் 85, துடிப்பு 88. வார்டுல ஒரு நோயாளிக்கு 85 காட்டினா நர்ஸ் ஓடி வருவாங்க, ஃப்ளைட்ல அதே ஆளு ஜம்முனு குறட்டை விட்டுத் தூங்கறார்னு பக்கத்து சீட்காரர் நினைச்சுப்பார்.

மேல போனா கிக் ஜாஸ்தின்னு ஒரு பேச்சு உண்டு. ரத்தத்துல ஆல்கஹால் அளவு உயரத்துனால கூடுறதில்ல, ஆனா ஆக்சிஜன் கம்மியானா மூளை தன்னாலயே மந்தமாகும், அதோட குடியும் சேர்றதால அப்படித் தோணுது.

நம்ம ஆளு ஏன் விழுந்தார்னா, குடி ரத்தக் குழாயை விரிய வைக்கும், சிறுநீரகத்துல தண்ணியைப் பிடிச்சு வைக்கற ஹார்மோனையும் அமுக்கி வெச்சுடும், சிறுநீரும் வழக்கத்தை விட ஜாஸ்தியா வெளிய போயிடும். மணிக்கணக்கா உக்காந்ததுல ரத்தம் கால்ல தேங்கி நிக்குது, அந்த நிலையில தூங்கி எழுந்து அவசரமா டாய்லெட் போக டக்குனு எழுந்தா தலைக்கு ரத்தம் போய்ச் சேராது.

இதுவரைக்கும் கதை நேரா இருந்துச்சு. அப்புறம்தான் அவர் சட்டைப் பையிலேருந்து ஒரு மாத்திரை அட்டை நழுவி விழுந்துச்சு. அல்பிரஸோலம், படபடப்பை அடக்கற மாத்திரை. ஒரு குழியில அரை மாத்திரை மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. "மேல ஏறும்போது கொஞ்சம் படபடப்பு டாக்டர், அதான் பாதி போட்டேன்"னார். மனைவிக்கே அப்போதான் தெரியும்! எனக்கு பீரை விட இதுதான் பயம், ரெண்டும் மூளையை அமுக்கறது, சேந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டோட நிக்காது, மூச்சே மந்தமாயிடலாம். தூக்க மாத்திரைக்கும் இதே கதைதான், வாந்தி வராம இருக்கப் போடுற மாத்திரையிலயும் அலர்ஜி மாத்திரையிலயும் பல வகை தூக்கத்தைக் கூட்டுறதுதான். யாரும் அதை மருந்துக் கணக்குலயே சேக்கறதில்ல.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். வெறும் வயித்துல குடிச்சா சர்க்கரை சில மணி நேரம் கழிச்சுக்கூட இறங்கும், அப்போ வர்ற உளறலும் தள்ளாட்டமும் பாக்கறவங்களுக்குக் குடிபோதை மாதிரியே இருக்கும், வாயில பீர் வாசனையும் இருந்தா யாருக்கு சர்க்கரை செக் பண்ணத் தோணும் சொல்லுங்க. கூட வர்றவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

போதையில இருக்கற ஆளை ஏத்த மாட்டோம்னு சொல்ல ஏர்லைனுக்கு உரிமை உண்டு, மேல போய்த் தகராறு பண்ணினா கட்டிப் போடச் சொல்ற அதிகாரம் கேப்டனுக்கு 1963 டோக்கியோ ஒப்பந்தத்துலயே இருக்கு. அதைப் பத்தி நான் அதிகம் பேசல, அது போலீஸ் வேலை.

"அப்போ ஒரு கிளாஸ் கூட கூடாதா டாக்டர்"னு கேப்பீங்க. ஆரோக்கியமான ஆளு, சின்ன தூரம், சாப்பாட்டோட ஒண்ணு, அதுவும் ஏறுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடிச்சுட்டா நான் சண்டைக்கு வர மாட்டேன். கல்லீரல் சுமாரா மணிக்கு ஒரு சின்ன கிளாஸ் கணக்குலதான் கரைக்கும், காபி குடிச்சாலும் அது வேகமாகாது. நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்றது, கர்ப்பம், அப்புறம் மேல சொன்ன மாத்திரைகள், இதுல ஏதாவது இருந்தா அந்த ஒண்ணும் வேண்டாம்.

குடிச்சுட்டே ஏறிட்டீங்கன்னா தண்ணி குடிங்க, தூங்கி முழிச்சதும் உடனே எழுந்துக்காம கணுக்காலை மேலயும் கீழயும் இருபது தடவை அசைச்சுட்டு எழுந்திருங்க. கண் இருட்டினா டாய்லெட்டை மறந்துட்டு அங்கயே தரையில உக்காந்துடுங்க, யார் என்ன நினைப்பாங்கன்னு பாக்காதீங்க. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு விழுந்தா வெளியிலேருந்து திறக்க அவங்களுக்கு வழி இருக்கு, ஆனா உள்ள ஒருத்தர் விழுந்து கிடக்கறார்னு முதல்ல யாருக்காவது தெரியணுமே.