மேஜை மேல் கிடந்தாலும் ஒன்றரை டன்

போன வாரம் எங்கள் டூல் ரூமில் ஒரு டியூப் லைட் உடைந்தது. டிப்ளமோ முடித்து வந்து நான்கு மாதம்கூட ஆகாத தம்பி ஒருவன், டையிலிருந்து (பிரஸ் மெஷினில் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு) கழற்றிய கேஸ் ஸ்பிரிங்கை (அழுத்தமான வாயு அடைத்த உருளை, அதுதான் ஸ்பிரிங்காக வேலை செய்யும்) வைஸில் கவ்வவிட்டு, "உள்ளே அழுக்கு சேர்ந்திருக்கும், கழுவி மாட்டிடலாம்" என்று அடியில் இருந்த மூடித் திருகைக் கழற்றி, அதற்குள் இருந்த வால்வையும் சாவி போட்டுத் திருப்பியிருக்கிறான். வால்வு அவன் காதோரமாகச் சீறிப் போய் லைட்டில் பட்டது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அரை மணி நேரம் அவன் வாயே திறக்கவில்லை.

அப்புறம் திறந்தபோது வந்தது, இத்தனை வருடமாக நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே பதில்: "பிரஸ் ஆஃப்லதானே சார் இருந்துச்சு? டையும் திறந்துதானே கிடந்துச்சு?"

தம்பிகளா, நீங்கள் காயில் ஸ்பிரிங்கோடு இதைக் குழப்பிக்கொள்கிறீர்கள். காயில் ஸ்பிரிங்கை நசுக்கினால்தான் அதற்கு பலம். விட்டுவிட்டால் அது வெறும் கம்பிச் சுருள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். கேஸ் ஸ்பிரிங் அப்படியில்லை. உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டான ராட் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போதே உள்ளே 150 பார் வரை நைட்ரஜன் அடைபட்டிருக்கிறது. 36 மி.மீ. ராட் என்றால் சுமார் 15,000 நியூட்டன், அதாவது ஒன்றரை டன். டைக்குள் இருந்தாலும் அவ்வளவுதான், மேஜை மேல் கிடந்தாலும் அவ்வளவுதான், ரேக்கில் இரண்டு வருடம் தூசி படிந்து கிடந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சைக்கிளிலிருந்து சக்கரத்தைக் கழற்றினால் டியூபில் காற்று போய்விடுகிறதா? கார் டயரிலேயே இரண்டு பார் சொச்சம்தான். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை, "கேஸ்" என்ற பெயரைப் பார்த்து வெல்டிங் பக்கம் கொண்டுபோகப் பயப்படுகிறவர்களே வால்வில் சாவி போடுகிறார்கள். நைட்ரஜன் எரியாது ஐயா. அடிக்கும்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். உள்ளே சுத்தம் செய்ய வேண்டிய வேலையே உங்களுக்குக் கிடையாது. கேஸ் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றுவதென்றால் அதற்கென்று பயிற்சி எடுத்தவர், அதற்கான கருவியில் கேஸை முழுக்க இறக்கிவிட்டுச் செய்யட்டும். உங்கள் வேலை வெளிப்புறம் மட்டும். ராடையும் ஸ்பிரிங்கின் உடம்பையும் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து, ராடின் அழுக்கை வழிக்கும் வைப்பர் வளையத்தில் மாட்டும். தின்னரில் ஊறப்போடுவது, பிரஷர் வாஷ் அடிப்பது, இரண்டும் சீலுக்கு எமன். ராட் பளபளக்க எமரி போடுகிற புண்ணியவான்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்: அந்தப் பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழுந்து, சீல் அறுந்து, கேஸ் கசிகிறது. நகத்தால் ராடை வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த ஸ்பிரிங்கை ஒதுக்குங்கள், தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.

ஸ்பிரிங்கைவிட அது உட்காரும் குழியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். போன மாதம் ஒரு குழியில் கையை விட்டால் ஒரு பைசா அளவுத் தகட்டு வில்லை. அதன் மேல் ஸ்பிரிங் சாய்ந்தே ஓடி, ராடின் ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தது. ஏர் கன்னால் ஊதினால் தூள் குழிக்குள்தான் போய் ஒதுங்கும். காந்தத்தாலும் துணியாலும் எடுங்கள். அடியில் எண்ணெய் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்பிரிங்குகள் தாங்கும் தட்டான பேடைக் கழற்றும்போது, அதைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரிப்பர் போல்ட்டை ஒவ்வொன்றாக முழுசாக உருவாதீர்கள். ஸ்பிரிங்குகள் கீழிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும், கடைசி போல்ட் உங்கள் முகத்துக்குக் கணக்கு. ஸ்பிரிங்குகளை ஹோஸ் குழாயால் கன்ட்ரோல் பேனலோடு இணைத்த டை என்றால் முதலில் பேனலில் கேஸை இறக்குங்கள். இல்லையென்றால் நீளமான போல்ட்டுகளை மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

சித்திரை வெயிலில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துவிட்டு "159 காட்டுது, ஏறிப்போச்சு" என்று திறந்துவிடுகிறார்கள். 150 என்பது 20 டிகிரிக்கு. நம் ஷெட்டில் 38 டிகிரி. ஏறத்தான் செய்யும், விடுங்கள். குறைந்திருந்தால் நைட்ரஜன் மட்டும். வெல்டிங் செக்‌ஷன் ஆக்ஸிஜனை "அவசரத்துக்கு" என்று எவனாவது தூக்கிவந்தால் அவனை வாசலிலேயே நிறுத்துங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் அழுத்தமான ஆக்ஸிஜன் போனால் வெடிக்கும்.

கடைசியாக ஒரு கெஞ்சல். ஓய்ந்துபோன ஸ்பிரிங்கை அப்படியே ஸ்கிராப் தொட்டியில் போடாதீர்கள். அது காயலான் கடைக்குப் போகும், அங்கே ஒருவர் கேஸ் கட்டரை வைப்பார், உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தயாரிப்பாளர் சொன்ன முறையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆளில்லாத பக்கம் திருப்பி, மெதுவாகக் கேஸை இறக்குங்கள். முழுக்க இறங்கியது உறுதியான பிறகு உடம்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டு அனுப்புங்கள். அந்த ஓட்டையைப் பார்த்தால் காயலான் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.