கேட்டில் துரு, வாளில் தீப்பொறி

வாளோடு கைத்துப்பாக்கியை இணைத்த பழைய ஆயுதத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: “தீக்குச்சி இல்லாத காலத்தில் அதற்கு நெருப்பு எங்கிருந்து வந்தது?” கேட்க வேண்டிய ஊர்தான். 1690-ல் அங்குள்ள கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை இருந்த ஊர்களும் சேர்ந்தே கைமாறின. ‘குண்டு கிராமங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

வெடிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம். பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது அதைப் பற்றவைக்கும் விசை. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய வேட்டை வாள்கள் சிலவற்றில், கைப்பிடியை ஒட்டி ஒரு குட்டிக் குழல் இருக்கும். விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தி பாய்ந்து, ஓர் எஃகுத் தகட்டை உரசும். மருந்துக் கிண்ணியின் மூடியும் அதே தகடுதான்! உரசிய வேகத்திலேயே மூடி திறக்க, பொறிகள் நேராகக் கிண்ணிக்குள் விழும். அங்கே பற்றிய தீ, சிறு துளை வழியே குழலுக்குள் போகும்.

அந்தப் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. எஃகைவிடக் கடினமான கல், தகட்டிலிருந்து தூசு போன்ற துணுக்குகளைச் செதுக்குகிறது. உரசலில் சூடேறிய அந்தத் துணுக்குகள் காற்றிலுள்ள ஆக்சிஜனில் எரிகின்றன. கடற்காற்றில் கடலூர் வீட்டுக் கேட்டைத் தின்னும் துருவும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்வதுதான். அங்கே ஈரத்தின் துணையோடு ஆண்டுக்கணக்கில், இங்கே கண்ணிமைப்பில். தீபாவளிக் கம்பி மத்தாப்பில் பூப்பதும் இரும்புத் தூள்தான். இருட்டில் பழைய அரத்தின் விளிம்பை வெங்கச்சங்கல்லால் உரசிப் பார்த்தேன். பத்தாவது முறை இரண்டு பொறிகள். ‘நெருப்புச் சக்தி உறையும் கல்’ என்று மோதிரம் விற்பவர்கள் அரத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம்.

கிண்ணி மருந்து நமத்துவிட்டால் எத்தனை பொறி விழுந்தும் பயனில்லை. சுட்டாலும் ஒரே குண்டு. மறுபடி நிரப்பும்வரை எதிராளி காத்திருக்க மாட்டான். வாள் கூடவே இருந்தது அதற்காகத்தான். அமெரிக்காவில் ஜார்ஜ் எல்ஜின், குழலுக்கடியில் பட்டைக் கத்தி பொருத்தி 1837-ல் காப்புரிமை பெற்றார். கல்லுக்குப் பதில், தட்டினால் வெடிக்கும் மருந்துக் குப்பி. கடற்படை 150 வாங்கியது. ஆனால் சாமுவேல் கோல்ட் மறுபடி நிரப்பாமலே பலமுறை சுடும் தன் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது அதற்கு முந்தைய ஆண்டே.