உப்பு கூடியதும் தண்ணீரான சோப்பு

எங்கள் தெருவில் ஓர் அக்கா பாத்திரம் கழுவும் லிக்விட் செய்து விற்கிறார். 50 லிட்டர் டிரம், மரத்துடுப்பு, அழுக்கைப் பிரிக்கும் மூலப்பொருளான எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட், கொஞ்சம் நிறம், எலுமிச்சை வாசனை, உப்பு. ஒரு நாள் காலையில் அவசரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உப்பு போட்டா கெட்டியாகும்னுதானே சொன்னாங்க? நேத்து தேன் மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்னு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். இப்பப் பாரு."

துடுப்பைத் தூக்கிக் காட்டினார். மோர் மாதிரி வழிந்தது. அளவு என்கிற ஒரே விஷயம்தான் இங்கே விளையாடியிருக்கிறது. சோப்பு வகைப் பொருள்கள் எல்லாமே அளவுக்குத் தகுந்தபடி குணம் மாறுபவை.

இவற்றைத் தொழிலில் சர்ஃபாக்டன்ட் என்பார்கள். நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனினும் இந்த இனம்தான். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி எண்ணெயோடு சேரும் வால் ஒன்று. தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் இவை மேற்பரப்புக்குப் போய், வாலைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்துவிடும். பள்ளியில் பரப்பு இழுவிசை என்று படித்தோமே, அதுதான். 25 டிகிரியில் சுத்தமான தண்ணீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு சேர்ந்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மருந்து பாட்டிலோடு வரும் சொட்டு ஃபில்லர் ஒன்று போதும். 1 மி.லி. குடிதண்ணீரை நிதானமாகச் சொட்டவிட்டு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் லிக்விடைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். பிடி தளரத் தளர, சொட்டு பெரிதாக வளரும் முன்பே விழுந்துவிடும். அதனால் அதே 1 மி.லி.க்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஓர் இடம் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் எண்ணிக்கை பெரிதாக நகராது. நான் முதன்முறை இதைச் செய்தபோது தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை எண்ணினேன். எண்ணிக்கை மாறவே இல்லை.

சமையலறையில் இப்படிப் பரப்பு இழுவிசையை அளப்பது புதிதில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகம் போக வழியில்லாத நிலையில், பாத்திரம் கழுவும் நீரைக் கவனித்துத் தானே ஒரு கருவி செய்து அளந்தார். தன் முடிவுகளை ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அது 1891இல் நேச்சர் இதழில் வெளியானது. மேற்பரப்பு அறிவியலுக்கு அடித்தளம் போட்ட வேலை அது.

சரி, எண்ணிக்கை ஏன் நின்றது? மேற்பரப்பில் இடம் நிறைந்துவிட்டது. இனி வரும் மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டி உருண்டையாகக் கூடிக்கொள்கின்றன. இந்த உருண்டைக்கு மிசெல் என்று பெயர். சோப்பு மூலக்கூறுகள் இப்படித் திரளும் என்று 1913இல் சொன்னவர் வேதியியலாளர் மெக்பெய்ன். பற்பசையில் இருக்கும் எஸ்.எல்.எஸ். (அக்காவின் எஸ்.எல்.இ.எஸ்.ஸுக்கு நெருங்கிய உறவு) என்றால் ஓர் உருண்டையில் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும். சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிராம் சேர்ந்ததும் உருண்டைகள் தோன்றும். இந்த அளவுக்கு மாறுநிலை மிசெல் செறிவு என்று பெயர். லிட்டருக்கு 6 கிராம் உப்பு இருந்தாலே எஸ்.எல்.எஸ்.ஸுக்கு இது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். எஸ்.எல்.இ.எஸ்.ஸுக்கு இயல்பிலேயே இது குறைவு.

எண்ணெய்ப் பிசுக்கை உள்ளே வாங்கி வைத்துக்கொள்வது இந்த உருண்டைகள்தான். ஆகவே கழுவும் நீரில் இந்த எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். இதைப் பாட்டிலில் பார்க்கக் கூடாது, கிண்ணத்தில் பார்க்க வேண்டும். அக்காவின் கணக்கையே எடுப்போம். பேஸ்ட் 70 சதவீதம். 1 கிலோ பேஸ்டை 10 லிட்டராக்கினால் லிக்விட் 7 சதவீதம். அதில் ஒரு ஸ்பூன், அதாவது 5 மி.லி.யில் 0.35 கிராம் சர்ஃபாக்டன்ட் இருக்கிறது. கால் லிட்டர் கிண்ணத்தில் கலந்து நாரைத் தொட்டுத் தேய்த்தால் லிட்டருக்கு 1.4 கிராம். நன்றாக வேலை செய்யும். அதே ஸ்பூனை 5 லிட்டர் தொட்டித் தண்ணீரில் ஊற்றினால் லிட்டருக்கு வெறும் 0.07 கிராம். மிசெல் உருவாவதே சந்தேகம். லிக்விட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் தொட்டியை மாற்றிப் பார்க்கலாம். பாட்டிலில் 15 சதவீதம் என்று ஏற்றுவதைவிட, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று லேபிளில் தெளிவாகப் போடுவது வாங்குபவருக்கு உபயோகம் என்பது என் கருத்து.

எல்லையைத் தொட்டால் மட்டும் போதுமா? போதாது. துணியும் முடியும் தட்டும் தம் மேல் கொஞ்சம் ஒட்ட வைத்துக்கொள்ளும், எண்ணெயும் தன் பங்கை எடுக்கும். அதற்கெல்லாம் கையிருப்பு வேண்டும். ஷாம்பூவில் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டிச் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். ஈரத்தலையில் பட்டதுமே அது பல மடங்கு நீர்த்துவிடும்.

ஆனால் தோல் விஷயம் வேறு. பிசுக்கைப் பிரிக்கும் அதே மூலக்கூறு தோலின் இயற்கைக் கொழுப்பையும் பிரிக்கும். தோலில் எரிச்சல் வரவைத்துச் சோதிக்கவே ஆய்வாளர்கள் எஸ்.எல்.எஸ். கரைசலைப் பூசுகிறார்கள். இங்கே சதவீதத்தைக் குறைப்பதோடு இன்னொரு நல்ல வழியும் உண்டு. எஸ்.எல்.இ.எஸ்.ஸுடன் சி.ஏ.பி.பி. என்ற பீட்டெய்னை, அதாவது மென்மையான இன்னொரு வகை சர்ஃபாக்டன்டைச் சேர்ப்பார்கள். இரண்டும் கலந்த உருண்டைகள் இன்னும் குறைந்த செறிவிலேயே உருவாகும். தனியாகத் திரிந்து தோலுக்குள் நுழையும் மூலக்கூறுகள் குறையும். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்து விரல் இடுக்கு வெடித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இப்போது டிரம்முக்கு வருவோம். 7 சதவீதக் கரைசலில் உருண்டைகள் நெருக்கமாக இருக்கும். தலைகளில் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் இடையில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்கினால் தலைகள் நெருங்கி, உருண்டை நீண்டு, புழுப்போல வளரும். நீண்டவை இடியாப்பம் போல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் நாம் பார்க்கும் கெட்டித்தன்மை. அழுக்கு போவதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உப்பு மேலும் கூடினால் இழைகள் கிளைவிட்டு, சிக்கல் நழுவத் தொடங்கும். திரவம் இளகிவிடும். இன்னும் கூடினால் கலங்கிப் பிரிந்தே போகும். உச்சம் எந்த இடத்தில் என்பதைத் தண்ணீரும் தீர்மானிக்கும். போர்த்தண்ணீரில் ஏற்கெனவே உப்புகள் இருப்பதால் அங்கே உச்சம் சீக்கிரமே வந்துவிடும். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன உப்பு அளவு அக்காவுக்கு ஒத்துவராததன் காரணம் அதுதான்.

டிரம்மைக் கொட்ட வேண்டியதில்லை. இன்னொரு டிரம்மில் அதே 7 சதவீதத்தில் உப்பே போடாமல் கரைத்து, இளகியதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொன்னேன். உப்பு மட்டும் நீர்த்தது, சர்ஃபாக்டன்ட் குறையவில்லை. மூன்றாவது வாளி சேர்ந்தபோது துடுப்பு கனத்தது. "போதும்," என்று அக்கா தானே நிறுத்தினார். இப்போது அவர் உப்பைக் கையால் அள்ளுவதில்லை. தராசில் 20 கிராம் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறார்.