புகை வரி வேறு, நெரிசல் கட்டணம் வேறு: எது எதைக் குறைக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, அதெப்படி? காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கணக்கைப் புகைக்குழாயில் எதை மாட்டினாலும் மாற்ற முடியாது. நச்சுப்புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அப்படியல்ல, அவற்றைக் குழாயிலேயே பெருமளவு மடக்கிவிடலாம். வண்டிகளுக்கான விதி எதைப் படித்தாலும் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டிகள் விடும் புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைக்கும் வரம்புகளான யூரோ தரநிலைகள் குழாயைக் கவனிப்பவை. எண் கூடக்கூட வரம்பு இறுகும். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றது யூரோ 4. யூரோ 6 அதை 80 ஆக்கியது. கார்பன் டை ஆக்சைடுக்கு அதில் வரம்பே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்திருக்கிறது. பிரிட்டன் 2001-இல் கார் வரியைக் கார்பன் அளவை வைத்து நிர்ணயித்தது. டீசல் கார் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும், அதனால் வரியும் குறைவு. ஜனங்கள் டீசலுக்குத் தாவினார்கள். நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் கூடின, நகரத்துக் காற்றுதான் அதற்கு விலை கொடுத்தது.

லண்டனில் இப்போது இரண்டு கட்டணங்கள் உண்டு, பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2019-இல் வந்த மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம் பழைய வண்டிகளுக்கானது. பெட்ரோல் கார் யூரோ 4, டீசல் கார் யூரோ 6 தரத்தை எட்டவில்லை என்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், சுங்கச்சாவடி கிடையாது. தரமான வண்டிக்குக் கட்டணமே இல்லை, எத்தனை முறை சுற்றினாலும் சரி. ஆகவே நச்சுப்புகை நன்றாகக் குறையும், கார்பன் கொஞ்சமாகத்தான்.

2003-இல் வந்த நெரிசல் கட்டணம் வேறு ரகம். வண்டி புதிதா பழையதா என்பதைவிட, கட்டண நேரத்தில் நகர மையத்துக்குள் வருகிறதா என்பதுதான் அதற்கு முக்கியம். சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமும் 2006-இல் இதை ஏழு மாதம் சோதித்துப் பார்த்தது. எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஓடாத வண்டி புகையும் விடாது, கார்பனும் விடாது. சோதனை முடிந்ததும் வாக்கெடுப்பு வைத்தார்கள், நகரவாசிகள் கட்டணம் தொடரட்டும் என்றார்கள். முதலில் எதிர்த்தவர்களில் பலர் காலியான சாலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனம் மாறினார்கள்.

அப்புறம், கிட்டத்திலிருக்கும் கடைக்குக் காரை எடுக்கிறோமே, அது. பெட்ரோல் காரின் குழாயில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி (catalytic converter) முந்நூறு டிகிரி அளவுக்குச் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அது சூடேறுவதற்குள் கடை வந்துவிடும். அதனால்தான் நடைபாதைக்கும் சைக்கிள் தடத்துக்கும் செலவிடும் பணம், தூரத்தை வைத்துப் போடும் கணக்கைவிட அதிகப் பலன் தருகிறது என்பேன்.

நகரப் பேருந்தை மின்சாரத்துக்கு மாற்றுவதும் நச்சுப்புகை, கார்பன் இரண்டையும் குறைக்கும். சீனாவின் ஷென்சென் 2017 முடிவில் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மாற்றி முடித்தது. மின்சாரம் நிலக்கரியில் தயாரானால் கார்பன் பலன் குறையும், தெருவில் மட்டும் புகைக்குழாய் இருக்காது. டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூசு மின்சார வண்டியிலும் உண்டு. வரவிருக்கும் யூரோ 7 பிரேக் தூசுக்கும் முதல்முறையாக வரம்பு வைக்கிறது.