பத்திரம் பதிந்தாச்சு, ஆனால் வீடு கட்ட முடியாது: ராமநாதபுரம் கடற்கரையில் மனை வாங்கும் முன்

எங்கள் தெருக்காரர் ஒருவர் 14 வருடம் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஐந்து சென்ட் வாங்கினார். வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்து, மச்சானுக்குப் பவர் எழுதிக்கொடுத்து வாங்கியது. பத்திரம் இருக்கிறது, பட்டா பெயர் மாறிவிட்டது, வில்லங்கமும் சுத்தம். ஊருக்கு வந்து வீட்டுக்குப் பிளான் போட்டு எடுத்துப்போன பிறகுதான் "இது அப்ரூவல் இல்லாத மனை, அனுமதி தர முடியாது" என்றார்கள். "கவர்மெண்ட் ஆபீஸ்லதானே பதிஞ்சு குடுத்தாங்க?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்க, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகரில் அதைத் தருவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ. நம் பக்கம் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் சொல்கிற டிடிசிபி. அனுமதி இல்லாத மனையைப் பதியக் கூடாது என்கிற பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: அதே மனை ஏற்கெனவே மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதியலாம். நம் தெருக்காரருக்கு நடந்தது இதுதான். பதிவு அலுவலகம் பழைய பத்திரத்தைப் பார்த்துப் பதிந்து கொடுத்தது. அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பது அதன் வேலையே இல்லை. சட்டப்படி அது சரிதான், வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்லாததுதான் கொடுமை.

புரோக்கர்கள் சொல்லும் வார்த்தைகளைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு காக்கா" என்றால் அப்ரூவல் இல்லை என்று அர்த்தம். டிடிசிபியின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் லேஅவுட்டுக்கு, அதாவது நிலத்தை மனைகளாகப் பிரித்த வரைபடத்துக்கு, ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. ரப்பர் ஸ்டாம்பும் பச்சை மையும் எத்தனை இருந்தாலும் அது வெறும் தாள். "டிடிசிபிக்கு அப்ளை பண்ணியாச்சு" என்பதும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் அப்ளை பண்ணலாம். சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக்கொடுத்த பிறகுதான் இறுதி உத்தரவு வரும், அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். நகல் கிடைத்தால் அதிலுள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் முதல் கட்டத்துக்கு வாங்கிய அனுமதி எண்ணைப் பலகையில் எழுதி வைத்துவிட்டுப் பக்கத்துப் புஞ்சையையும் அதே எண்ணில் விற்பது இங்கே சர்வசாதாரணம். இன்னொன்று, "விவசாய நிலமா அஞ்சு சென்ட் பதிஞ்சுக்கலாம்" என்பது. பத்திரத்தில் புஞ்சை என்று இருக்கும், நேரில் கல் ஊன்றி நம்பர் போட்டிருக்கும். அதில் ஒரு நாளும் பிளான் அனுமதி கிடைக்காது, பாங்க் கடனும் கிடைக்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு 2017-இல் வந்த வரன்முறைப்படுத்தும் விதிகள், அதாவது அனுமதி இல்லாமல் போட்ட மனையைக் கட்டணம் வாங்கிச் சட்டப்படி ஆக்குகிற விதிகள் இருக்கின்றன. கால அவகாசத்தைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், அதனால் கட்டணம் கட்டும் முன் இப்போது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். லேஅவுட்டில் ஒரு மனையாவது 2016 அக்டோபர் 20-க்குள் கிரயப் பத்திரமாகப் பதிவாகியிருக்க வேண்டும். கிரய ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் இதற்குச் சான்றாகாது, நிறையப் பேர் விழுவது இந்த இடத்தில்தான். முழுத் தொகையும் கொடுத்து ஒப்பந்தத்தோடும் பவரோடும் நின்றவர்கள் தங்கள் கையிலிருப்பதே சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் லேஅவுட்டுக்கு, அப்புறம் உங்கள் தனி மனைக்கு என இரண்டு படி. லேஅவுட் போட்டவர் ஊரை விட்டே போயிருந்தாலும் மனைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கலாம், "புரமோட்டர்தான் வரணும்" என்று கவுண்டரில் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள்.

எந்தக் கட்டணம் கட்டினாலும் வரன்முறை ஆகாத நிலமும் உண்டு: கண்மாய், வரத்துக்கால், ஊரணி, புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம். நம் மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிற ஊர் இது. மழை பொய்த்த வருடத்தில் கண்மாய் உள்வாயும் சீமைக்கருவேலங் காடாகத்தான் தெரியும். ஜேசிபி விட்டு ஓட்டி, செம்மண் அடித்து, நாலு கொடி நட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏ-பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலக் கணக்கில், நிலத்தின் வகையைப் பாருங்கள், புலப்படத்தில், அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தில், வாய்க்கால் கோடு ஓடுகிறதா பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்பதைவிட, தண்ணீர் எப்படி ஓடும் என்று பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் கேட்டால் சீக்கிரம் தெரியும்.

இனி கடற்கரை. அலை உச்சக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் தொடும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், பேச்சு வழக்கில் சிஆர்இசட். கிராமப் பகுதியில் அதில் முதல் 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. மீனவர்கள் போன்ற பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு மட்டும் மத்திய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கை 100 முதல் 200 மீட்டர் வரை இடம் வைத்திருக்கிறது, அதை ரிசார்ட் கட்டுகிறவர் பயன்படுத்த முடியாது. "இப்ப எல்லாம் 50 மீட்டர்தான், சட்டம் மாறிடுச்சு" என்று சொல்வார்கள். 2019 அறிவிக்கையில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்கிற இடத்துக்கு, அதுவும் புதிய வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் சராசரி 350-ஐக்கூடத் தொடவில்லை. மணல்மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை என்றால் விதி இன்னும் கடுமை. இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு: தாத்தா காலத்திலிருந்து கரையில் இருக்கிறவன் கூரையை மாற்றிக் காரை போடக் கேட்டால் சிஆர்இசட் என்று மனுவைத் திருப்புகிறார்கள், பட்டா இல்லை என்று இன்னொரு முறை திருப்புகிறார்கள், இரண்டு தெரு தள்ளி மாடிக் கட்டடம் எழும்பும்போது யாருக்கும் அளக்க டேப் கிடைப்பதில்லை.

"2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, ஆன்லைனில் சுயசான்று, உடனே அனுமதி" என்று 2024 ஜூலையில் வந்த திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட மனைக்கு. சான்று தருவது நீங்கள். மனை வரன்முறை ஆகாதது என்றோ சிஆர்இசட்டுக்குள் இருக்கிறது என்றோ பின்னால் தெரிந்தால் பொறுப்பும் உங்களுடையதுதான். பிரவுசிங் சென்டர் பையன் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டுவிடுவான், பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

அலுவலக அலைச்சலுக்கு வருவோம். ஒற்றைச் சாளரம் என்கிறார்கள், ஆனால் தாசில்தார், நீர்வளத்துறை, வேளாண்மைத் துறை என்று தடையின்மைச் சான்றுக்கு நாலு வாசல் ஏற வேண்டியிருக்கும். ஆன்லைனில் ஏற்றியதையே பேப்பரிலும் கேட்பார்கள். குறையை ஒரே தடவையில் சொல்ல மாட்டார்கள்: முதல் முறை கூட்டுப்பட்டா, அடுத்த முறை பத்திரத்தில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல், அதற்கடுத்து புலப்படத்தில் உட்பிரிவு ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் "என்னென்ன குறை, மொத்தமாக எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பதில் இல்லையா, 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, அவர் என்ன எழுதினார். 30 நாளில் பதில் தர வேண்டும், பல சமயம் பதிலுக்கு முன்னால் ஃபைல் நகர்ந்துவிடும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்தத் தாளையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

விற்றவர் மீது புகார் கொடுக்க ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12 சென்ட்டுக்கு மேல் மனை போட்டு விற்க அதில் பதிந்திருக்க வேண்டும், பதியாமல் விளம்பரம் செய்வதே தப்பு. அவர் கொடுத்த விளம்பர நோட்டீஸையும் வாட்ஸப் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

நம் தெருக்காரர் பதிவு அலுவலகத்தில் லேஅவுட்டின் முதல் கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டார். 2013-ஆம் வருடத்துப் பத்திரம், அந்த வகையில் தப்பித்தார். வரன்முறை மனு திரும்பி வந்த காரணம் வேறு: லேஅவுட் படம் புலப்படத்தோடு பொருந்தவில்லை, ஒரு பக்கம் இரண்டு மீட்டர் இடிக்கிறது. அளந்து கொடுக்க சர்வேயர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வியாழக்கிழமையும் அப்படித்தான் சொன்னார்.