உணர்ச்சியில்லாதவர் என்று முத்திரை குத்தாதீர்கள்

"இவனுக்கு உணர்ச்சியே கிடையாது டாக்டர், பாட்டி இறந்த வீட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை" என்று, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பெற்றோர் சொல்வதை இன்னொரு முறையும் கேட்க நேர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன். அந்த இளைஞருக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று வேறோரிடத்தில் முடிவு செய்து, சில ஆண்டுகளாக மாத்திரை கொடுத்து வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதும், தனியாக இருக்கும்போது திரைப்பட வசனங்களை முணுமுணுப்பதும் மாயக்குரல் கேட்பதன் அடையாளங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தன. மழலைப் பருவத்திலிருந்தே அவர் அப்படித்தான் என்ற விவரத்தை யாரும் கேட்டறியவில்லை. இதற்கு நேர்மாறாக, கல்லூரிக்குப் போன பிறகு தோழிகளை விட்டு விலகி, சத்தம் தாங்க முடியவில்லை என்று அறைக்கதவை அடைத்துக்கொண்ட ஒரு மாணவிக்கு, இணையக் காணொளிகளைப் பார்த்து ஆட்டிசம் என்று குடும்பத்தாரே தீர்மானித்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றி இழிவாகப் பேசுவது சுவர் வழியாகக் கேட்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆட்டிசத்தையும் மனச்சிதைவையும் மாற்றி எண்ணும் இந்தக் குழப்பம் புதிதல்ல. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி விவரித்து எழுதிய பின்னும் பல பத்தாண்டுகள் ஆட்டிசம் குழந்தைப் பருவ மனச்சிதைவோடு சேர்த்தே எண்ணப்பட்டது. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் அதைத் தனியாகப் பிரித்தது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு பிணைந்தது, தொடக்க ஆண்டுகளிலேயே தென்படுவது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும் நோய். ஒருவருக்கே இரண்டும் இருப்பதும் உண்டு.

புலன்கள் தரும் செய்தியை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே கணித்து, கணிப்போடு ஒத்துப்போவதைத் தணித்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலரின் மூளையில் இந்தத் தணிப்பு குறைவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; அதனால்தான் நமக்குச் சில நிமிடங்களில் பழகிப்போகும் மின்விசிறி ஓசையும் சட்டைக் காலரின் உறுத்தலும் அவர்களுக்கு ஒவ்வொரு நொடியும் புதிதாகவே வந்து தாக்குகின்றன. மனச்சிதைவில் தடுமாற்றம் வேறிடத்தில் நிகழ்கிறது: தன்னுள் எழுவது எது, வெளியிலிருந்து வருவது எது என்ற பிரித்தறிதல் பிசகுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்குக் காரணம், நம் கை தரும் தொடுகையை மூளை முன்பே கணித்துவிடுவதுதான். ஆனால் மாயக்குரல் கேட்பவர்களுக்குத் தன் தொடுகையும் பிறர் தொடுகையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே உணரப்பட்டதை மூளை ஆய்வாளர் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் 2000இல் காட்டினார்கள். தன் எண்ணமே அயலார் குரலாகக் கேட்பதையும் இந்த வழியில் புரிந்துகொள்ளலாம். இதனுடன், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் மிகைப்பட்டால், தெருவில் ஒருவர் இருமுவதுகூடத் தனக்கான சைகையாகத் தோன்றும்.

நான் திரும்பத் திரும்ப வாதாட வேண்டியிருப்பது உணர்ச்சியைப் பற்றித்தான். முகத்தில் தெரிவதும் மனத்தில் நிகழ்வதும் வெவ்வேறு. மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் திரைப்படக் காட்சிகளைக் காட்டி உளவியலாளர் ஆன் கிரிங் 1990களில் நடத்திய ஆய்வுகளில், அவர்களுடைய முகத்தில் அசைவு குறைவாக இருந்தபோதும், உள்ளே உணர்ந்ததாக அவர்கள் சொன்ன மகிழ்ச்சியும் துயரமும் மற்றவர்களுக்குக் குறையாதவையாக இருந்தன. முகம் இறுகிப்போவதற்கு மாத்திரையின் பக்கவிளைவும் காரணமாகலாம். இதை மருத்துவர்களே சில நேரம் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பிறர் முகத்தைப் படிப்பதிலும் வேறுபாடு உண்டு: மனச்சிதைவில் சாதாரண முகமே பகைமுகமாகத் தெரியக்கூடும், ஆட்டிசத்தில் குறிப்பைப் பிடிக்க நேரமாகலாம், அல்லது தன் நெஞ்சில் இருப்பது கோபமா அச்சமா என்று பெயரிட்டுச் சொல்ல இயலாமல் போகலாம். சொல்ல இயலாமையை இல்லாமை என்று படிப்பவர்கள் நாம்தான். ஆட்டிசம் உள்ளவருக்கு நம்மைப் புரியாததைப் போலவே நமக்கும் அவரைப் புரிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதை ஆசிரியர்களும் பெற்றோரும் அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மாத்திரையின் பெயரை இணையத்தில் தேடிவிட்டு அச்சத்தோடு வருபவர்களுக்கு ஒன்று: ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை மனச்சிதைவுக்கும் தரப்படுகிறது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கும் தரப்படுகிறது. சீட்டில் அந்தப் பெயர் இருப்பதாலேயே உங்கள் குழந்தைக்கு மனச்சிதைவு என்றாகிவிடாது. அது ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்தும் அன்று. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காதைப் பொத்தும் கையை இழுத்து விலக்காதீர்கள். சத்தத்தைக் குறையுங்கள், முடியாவிட்டால் அங்கிருந்து அழைத்துச் செல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். மருத்துவரிடம் வரும்போது பேச்சு வந்த வயது, பள்ளியில் ஆசிரியர்கள் சொன்னவை, பழைய காணொளிகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அவை இல்லாமல் இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். முன்பு நன்றாகப் படித்து, பழகி வந்த பிள்ளை புதிதாக ஒதுங்கினால், தூக்கம் கெட்டால், சந்தேகப்பட்டால் பரிகாரம், மந்திரிப்பு என்று மாதங்களைக் கழிக்காதீர்கள். குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் மறுத்து வாதிடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். எவ்வளவு அச்சமாக இருக்கிறது என்று கேளுங்கள். குத்தலும் குறைகூறலும் மிகுந்த வீடுகளில் மனச்சிதைவு மீண்டும் தீவிரமாவது அதிகம் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட உண்மை என்பதால், தயவுசெய்து சோம்பேறி என்றும் திமிர் என்றும் பேசுவதை நிறுத்துங்கள்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். குரல் தன்னை மாய்த்துக்கொள்ளச் சொல்கிறது என்றாலோ, உண்பதும் உறங்குவதும் முற்றிலும் நின்றுவிட்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.