மலையே இல்லாத கரையில் மலைச் சைக்கிள்

ராமநாதபுரத்தில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம், அதுவும் ஒரு மணல்மேடுதான். ஆனாலும் மண்டபம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடிப் பக்கமிருந்து எம்டிபி எனும் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கடற்கரை மணலிலும் கருவேலங்காட்டு வண்டித்தடத்திலும் ஓட்டிப் பழகிவிட்டு, நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போய்ப் பந்தயத்தில் இறங்குகிறார்கள். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. காலையில் சைக்கிள், பகலில் பிழைப்பு, ராத்திரி பிள்ளைகளின் வீட்டுப்பாடம்.

முட்டிவலி, விரல் மரத்துப்போவது, அடிமுதுகுப் பிடிப்பு என்று வருவார்கள். வலி எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே நான் கேட்பது, "போன வாரம் என்னென்ன வேலை பார்த்தீங்க?" என்பதைத்தான்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரின் கதையைச் சொன்னால் புரியும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. படகு கிளம்புவதற்கு முந்தின ராத்திரியிலிருந்து ஐஸ் பாரை இழுப்பது, உடைப்பது, ஏற்றுவது என்று இடுப்பு ஒடியும். இவரோ இணையத்தில் கிடைத்த ஒரு பயிற்சி அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அதில் வேகப்பயிற்சி புதனும் சனியும். ராத்திரி முழுக்க ஐஸ் ஏற்றிய காலோடு விடிகாலையில் மணலில் மிதித்திருக்கிறார். முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினாலே முகம் சுளித்தது.

கூட வந்த மனைவி, "வேலைக்கு லீவு போட்டா சம்பளம் போகும், சைக்கிளுக்கு லீவு போட்டா என்ன போகும்னு கேளுங்க சார்" என்றார். கேட்டேன். பதில் இல்லை.

உடம்பு வேலைக்கு ஒரு கணக்கு, சைக்கிளுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதிக்கொள்வதில்லை. இதை நோயாளிக்குக் காட்ட நான் பயன்படுத்துவது, அமெரிக்க உடலியங்கியல் நிபுணர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய எளிய முறை. பயிற்சி எத்தனை நிமிடம், அது பத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது, இரண்டையும் பெருக்க வேண்டும். ஒரு மணி நேர வேகப்பயிற்சி, கடினம் ஏழு என்றால் 420. அவர் இதைப் பயிற்சிக்காகத்தான் சொன்னார். நான் பிழைப்பையும் அதே பெருக்கலில் போடச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஐஸ் ஏற்றியது, கடினம் ஐந்து என்றால் 900. பயிற்சியைவிட இரண்டு மடங்குக்கு மேல்! பாடப்புத்தகம் இதை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் ஆட்களுக்கு உறைக்கிறது. ஐஸ் கம்பெனிக்காரருக்குக் கடினப் பயிற்சியை வியாழன் மாலைக்கு மாற்றினோம். ஞாயிறு காலை ஒரு நீண்ட சவாரி. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம், அல்லது ஓய்வு. ஓட்டும் நேரம் குறைந்தது, முட்டியும் அடங்கியது.

முட்டிவலிக்கு நம்மூரில் இன்னொரு காரணம், காற்று. ஜூன் தொடங்கிக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் ஓட்டுவது ஏற்றத்துக்கு நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வீம்புக்குப் பெரிய கியரில் நிமிடத்துக்கு ஐம்பது மிதி மிதித்தால் ஒவ்வொரு மிதியின் பாரமும் முட்டிச் சில்லின் மேல்தான் இறங்கும். கியரை இறக்கி எண்பது, தொண்ணூறு மிதிக்கு வாருங்கள். சீட் தாழ்ந்திருந்தாலும் இதே வலி வரும். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை, மடங்கியிருந்தால் போதும்.

இந்தக் கரை எவ்வளவு முயன்றாலும் தராத ஒன்று இறக்கம். மூச்சும் தொடையும் தயாராகப் போகிறவர்கள் மலையில் மாட்டிக்கொள்வது அங்கேதான். அரைமணி நேரம் விடாமல் பிரேக் பிடித்து இறங்கினால், பழகாத முன்கை இரும்பாக இறுகிவிடும். ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்தை ஊன்றியே வந்தால் அங்கே ஓடும் அல்நார் நரம்பு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், பந்தயம் முடிந்த மறுநாளும் சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுவார்கள். இவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பேன். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மடங்கினால், நரம்பு தொடுவுணர்வை மட்டுமல்ல, தசையின் பலத்தையும் இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் கையுறை மாற்றிப் பார்ப்பதெல்லாம் போதாது. சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய் அதே இறக்கத்தில் நிதானமாக இறங்கிப் பழகினால் பாதிப் பேருக்கு இந்த வம்பே இருக்காது. லீவு கிடைக்காது என்பார்கள். அப்படியானால் அந்த வருடம் பந்தயங்களில் ஒன்றைக் குறைத்து, அந்த லீவை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பஸ்தருக்கு வருடத்துக்கு இரண்டு பெரிய பந்தயம் தாராளம் என்பது என் கருத்து.

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வருடத்தில் நேரம் கிடைப்பதே அப்போதுதான். அக்னி நட்சத்திரமும் அதே நேரத்தில்தான் வரும். கிடைத்த நேரத்தையெல்லாம் சைக்கிளில் கொட்டுகிறார்கள். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை உலராமல் வழிந்துதான் போகும். உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். தனுஷ்கோடிச் சாலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒதுங்க ஒரு மர நிழல் தேடினாலும் கிடைப்பது அரிது. விடியும்போது ஓட்டித் திரும்பிவிடுங்கள். முதல் பத்து, பதினான்கு நாள் நேரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும், வெயிலுக்கு உடம்பு பழக அவ்வளவு நாள் ஆகும்.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறையக் கூடாது. மணிக்கணக்கில் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி அது வேறு ஆபத்து. உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ போதும், நீண்ட சவாரிக்கு ஓஆர்எஸ். கூட ஓட்டுகிறவர் பேச்சுக் குழறி, தள்ளாடினால் நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் வண்டி ஏற்றுவது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ரமலானில் கீழக்கரைத் தம்பிகள் கேட்பதுண்டு, பயிற்சியை விட்டுவிடலாமா என்று. விட வேண்டாம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் லேசாக அரைமணி நேரம். வந்ததும் தண்ணீர், பேரீச்சை, நோன்புக் கஞ்சி. கடினப் பயிற்சி வேண்டுமானால் அதற்கப்புறம். ஆனால் விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுவதால் தூக்கம் துண்டாகும், அந்த மாதம் வேகம் கூட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தடமெல்லாம் சேறு. அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலேயே பாரம் தூக்குங்கள், குந்தி எழுங்கள். சைக்கிள் எலும்புக்குப் பெரிதாக வேலை கொடுக்காது.

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அட்டவணை என்ன சொன்னாலும் அன்று சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கட்டும். காய்ச்சல் வருகிறதா என்றும் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்தவர்கள், பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ தலைசுற்றி விழுந்தாலோ என்னிடம் வராதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.